ரேகை விழாது, ஓடிபி வராது: சிங்கப்பூர் போனவர் வீட்டை இங்கிருந்து ஓட்டுகிற ஒரு பெண் – நிகழ்வு ஆய்வு

வெளிநாடு போனவர் குடும்பம் என்று பேச்செடுத்தால் முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவார்கள், கொஞ்சம் மனசு இளகியவர்கள் பிரிவைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் உண்மைதான். கடலூர் மாவட்டத்தில் மகளிர் குழுக்களின் கணக்கு வழக்கு பார்க்கிற வேலையில் இருக்கும் எனக்கு, இந்த இரண்டுக்கும் அடியில் இன்னொரு சிக்கல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் இங்கே இருக்கிறார், அந்தக் குடும்பத்தின் காகிதம் அத்தனையும் கடல் தாண்டி இருப்பவர் பேரில் இருக்கிறது. பொறுப்பு ஒருவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம். இது ஒரு வீட்டை எப்படியெல்லாம் படுத்துகிறது என்பதை ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு முழுசாக எழுதுகிறேன்.

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில் செம்மண் மேட்டில் இருக்கிற ஒரு ஊர். முந்திரியும் பலாவும்தான் பிழைப்பு. ஊர்ப் பேரும் ஆள் பேரும் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள் என்று அந்த அக்காவே சொன்னார். "போறதுக்கு முன்னாடி நாலு பேராவது பேப்பர ஒழுங்கு பண்ணிட்டுப் போனா சரி" என்றார்.

அக்காவுக்கு 33 வயது. பன்னிரண்டாவது படித்தவர், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறார். வீட்டுக்காரர் 2018 மே மாதத்திலிருந்து சிங்கப்பூரில் கட்டட வேலை. மூத்தது பெண், எட்டாவது. சின்னவன் மூன்றாவது, அப்பா விமானம் ஏறும்போது அவனுக்கு எட்டு மாதம். மாமியார் கூடவே இருக்கிறார், சர்க்கரை நோயாளி. கொழுந்தனார் அதே தெருவில் தனிக் குடித்தனம். நாத்தனாரைக் குறிஞ்சிப்பாடி பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

தானே புயலுக்கு அப்புறம்

கல்யாணம் 2011 ஆவணியில். நாலு மாதம் கழித்து, டிசம்பர் 30 காலையில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. மாமனாருக்கு இருந்தது ஒன்றேகால் ஏக்கர் முந்திரித் தோப்பு, கூட கொஞ்சம் குத்தகை. விடிந்து போய்ப் பார்த்தபோது நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று மாமியார் இன்றைக்கும் சொல்கிறார். நெல் போனால் அடுத்த போகம் இருக்கிறது. முந்திரி போனால் கன்று வைத்து, அது நின்று, நாலு காசு பார்க்கிற அளவுக்குக் காய்க்கப் பல வருடம் ஆகும், பலாவுக்கு அதைவிட அதிகம். இந்தப் பக்கத்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே போனதற்கு அந்த ஒரு ராத்திரி பெரிய காரணம்.

வீட்டுக்காரர் முதலில் சென்னைக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். அப்புறம் கூலி அதிகம் என்று கேரளா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். அப்புறம் சிங்கப்பூர். அங்கே போய் முதல் முறையாக வீட்டுக்கு வந்தது கிட்டத்தட்ட நாலு வருடம் கழித்து. தற்காலிக வேலை, தற்காலிக வேலை என்று சொல்லிக்கொண்டே வருகிற இடைவெளி மட்டும் இப்படி நீண்டுகொண்டே போனதை அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் "இந்த ஒரு தடவை" என்றுதான் கிளம்பியிருக்கிறார்.

2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. அதிகம் பேர் போயிருந்த நாடு சிங்கப்பூர். கடலூரிலேயே பரங்கிப்பேட்டை, லால்பேட்டை மாதிரி ஊர்களில் அயல்நாட்டுப் பிழைப்பு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆண் இல்லாத வீட்டை எப்படி நடத்துவது என்று அங்கே பெரியவர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. முந்திரிக்காட்டு ஊர்களுக்கு இது புதுசு. இந்த அக்காவின் தெருவில் யாருடைய அம்மாவும் இப்படி வாழ்ந்ததில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது.

இரண்டு வருடம் ஏன் ஏழு வருடம் ஆனது

கட்டட வேலைக்குச் சிங்கப்பூரில் கொடுப்பது ஒர்க் பெர்மிட். அதில் போகிறவர் மனைவி பிள்ளைகளை அங்கே கூட்டி வைத்துக்கொள்ள முடியாது, அதற்கு வேறு தரத்து அனுமதியும் அதற்கேற்ற பெரிய சம்பளமும் வேண்டும். ஆக குடும்பத்தை விட்டுப் போவது அந்த வேலையோடு சேர்ந்து வருகிற நிபந்தனை. "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போயிட்டான்" என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

வேலைத் திறன் டெஸ்ட் அடித்தது, ஏஜென்ட் காசு, டிக்கெட், மெடிக்கல் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆனது. அக்காவின் நகையை அடகு வைத்தது ஒன்றரை லட்சம். மூணு வட்டிக்கு வாங்கியது ஒரு லட்சத்து இருபதாயிரம். அக்காவின் அண்ணன் கைமாற்றாகக் கொடுத்தது எண்பதாயிரம். மூணு வட்டி என்றால் மாதம் 3,600 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தாவது பாஸ் ஆகாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா என்று அரசு வைத்திருக்கிற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அந்த வழியில் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்கிற காப்பீடும் எடுத்தாக வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு, இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அங்கே போகிறவர்களை இந்தப் பக்கம் நிறுத்தி, சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று கேட்கிற ஓர் இடமே வழியில் வராது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். இவர்கள் கொடுத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பணத்தை வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர், ரசீது கிடையாது.

சரி, வருமானம். அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது ரூபாய். ஓவர்டைம் எல்லாம் போட்டு 750 வெள்ளி வரும், சாப்பாடு, போன், கைச்செலவு போக மாதம் 25,000 அனுப்புவார், அதுவும் நாலாவது மாதத்திலிருந்துதான். வட்டி, நகைக்கடன் வட்டி, வீட்டுச் செலவு, மாமியார் மாத்திரை, பள்ளிக்கூட வேன் போக நல்ல மாதத்தில் பத்தாயிரம் அசலுக்குப் போகும், கெட்ட மாதத்தில் ஒன்றும் போகாது. இரண்டு வருட ஒப்பந்தம் 2020 மே மாதம் முடியும்போது இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி. முதல் இரண்டு வருடம் அந்த மனிதர் உழைத்தது போன செலவை அடைக்க, அவ்வளவுதான். அப்படியிருக்கும்போது ஊருக்கு எப்படித் திரும்புவார்?

அதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளை மூடினார்கள். அந்த ஆண்டு அந்த நாட்டில் தொற்று கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த விடுதிக்காரர்கள்தான். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், மாதக்கணக்கில் வெளியே போக முடியாது. அக்காவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது: அவருடைய கம்பெனி பேர் என்ன, விடுதி எங்கே இருக்கிறது, எதுவுமே தனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு வாட்ஸ்அப் நம்பர். ஜூனில் மாமனார் இறந்தார். மூத்த மகன் போட வேண்டிய கொள்ளியைக் கொழுந்தனார் போட்டார். வீட்டுக்காரர் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தார், நடுவில் நெட் போய்விட்டது.

ரேஷன் கடையில்

முந்திரிக்கொட்டைத் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொத்துப்போகும், கறுத்துப்போகும், வருடக்கணக்கில் உடைக்கிறவர்களுக்கு விரல் நுனித் தோல் உரிந்து உரிந்து வழவழவென்று ஆகிவிடும். சாம்பல் தொட்டுக்கொள்வார்கள், எண்ணெய் தடவிக்கொள்வார்கள், கையுறை போட்டால் வேலை ஓடாது, கிலோ கணக்குக்குக் கூலி என்பதால் வேகம் முக்கியம். அக்காவின் வலது கட்டைவிரலை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கோடே இல்லை.

ரேஷன் கடை மிஷினில் அந்த விரல் விழாது. கடைக்காரர் துணியால் துடைத்து இன்னொரு தடவை வை, அடுத்த விரலை வை என்பார், பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. ரேகை விழாதவர்களுக்கு ஓடிபி வழி இருக்கிறது. அந்த ஓடிபி கார்டில் பதிவான நம்பருக்குப் போகும். கார்டில் இருப்பது வீட்டுக்காரரின் பழைய நம்பர். அவர் சிங்கப்பூர் போன பிறகு அதற்கு யாரும் ரீசார்ஜ் போடவில்லை, சிம் செத்துப்போய்விட்டது. சரி, நம்பரை மாற்றிவிடலாம் என்று இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்தால் உள்ளே நுழைவதற்கே பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகிறது. அக்கா அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

என்ன செய்தார்கள்? மாமியாரை அழைத்துக்கொண்டு போய் ரேகை வைத்தார்கள். மாமியாருக்குக் கால் முடியாமல் போனதும் அந்த வேலை மூத்த பெண்ணுக்கு வந்தது. அவள் பேரும் கார்டில் இருக்கிறது, அவள் விரல் நன்றாக விழுகிறது. பருப்பும் பாமாயிலும் வந்த நாளில் போகாவிட்டால் தீர்ந்துவிடும், அதனால் அந்த நாளில் மத்தியானத்துக்கு மேல் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். வருகைப் பதிவேட்டில் அடிக்கடி அரை நாள் லீவு விழுவதைப் பார்த்து, அப்பா இல்லாததால் பெண் படிப்பில் கவனம் இழக்கிறாள் என்று டீச்சர் நினைத்திருக்கிறார். பிரிவு, மனக்கவலை என்றெல்லாம் பெரிய பெரிய காரணம் தேடுவதற்கு முன்னால் ரேஷன் கார்டில் யார் போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த பல வீடுகளில் விடை அங்கேதான் கிடக்கிறது.

கால் விரல்

2023 டிசம்பர். மாமியாரின் இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண். சர்க்கரைக்காரர், வலி தெரியவில்லை, மஞ்சள் பத்து போட்டுக்கொண்டிருந்தார். விரல் கறுத்து வாடை வந்த பிறகுதான் அக்கா பார்த்தார். பண்ருட்டியில் காட்டி, அங்கிருந்து புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் டாக்டர் சொல்லிவிட்டார்: இன்றைக்கே எடுத்தால் விரலோடு போகும், விட்டால் பாதம் போகலாம்.

நோயாளி ஒப்புதலோடு கூட இருப்பவர் கையெழுத்தும் கேட்டார்கள். மாமியார் வைக்க மாட்டேன் என்றார். "பெரியவன ஒரு வார்த்த கேட்டுட்டு வைக்கிறேன்." அக்கா போன் போட்டார், எடுக்கவில்லை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே அப்போது சாயந்திரம், சைட்டில் ஓவர்டைம் ஓடிக்கொண்டிருக்கும், போன் லாக்கரில் இருக்கும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஒரு டிக், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டிக், நீலமாகவே இல்லை. கொழுந்தனாரைக் கூப்பிட்டார். "அண்ணன் சொல்லாம நான் எப்படி அண்ணி சொல்றது, நாளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா?" நாத்தனார் போனில் அழுதார், முடிவு எதுவும் சொல்லவில்லை.

இப்படியே மணி நாலு. அந்த வார்டில் ஐந்து உறவுக்காரர்களின் அபிப்பிராயம் போன் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் புண்ணைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர். அக்கா மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாராம்: "அத்த, அவுரு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க நாளைக்கு நடக்கணும், எனக்கு அதான் வேணும்." மாமியார் ரேகை வைத்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். ராத்திரி விரலை எடுத்தார்கள், பாதம் தப்பித்தது.

அதற்கு முன்னால், அன்று சாயந்திரம் ஆறே முக்காலுக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். முதல் வார்த்தை, "யார கேட்டுப் போட்ட?"

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டு அழுதிருக்கிறார். அப்பா சாவுக்கு வர முடியாதவர், அம்மா காலை வெட்டுகிறார்கள் என்ற செய்தியை அது முடிவான பிறகு கேட்கிறார். அங்கே இருக்கிறவருக்கு வீட்டில் தான் இன்னும் ஓர் ஆள் என்று காட்டிக்கொள்ள மிச்சம் இருப்பது கேள்வி கேட்பது ஒன்றுதான். எங்கே போன, யார் கூட போன, யாரைக் கேட்டு வாங்கின. தூரம் கூடக் கூடக் கேள்வியும் கூடுகிறது. இதைப் புரிந்துகொள்ளலாம், அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கிடையாது. ஏனென்றால் அதன் விலை இங்கே இருக்கிற பெண் தலையில் விழுகிறது. நாலு மாதம் வரைக்கும் உறவில் ஒரு பேச்சு ஓடியது, "புருஷன் இல்லாத நேரம் பாத்து மாமியா வெரல வெட்டிட்டா." விரலை எடுக்காமல் பாதம் போயிருந்தால் அப்போதும் இதே வாய்கள் இதே பெண்ணைத்தான் பேசியிருக்கும். மாமியார் மட்டும் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. இப்போது மெதுவாக நடக்கிறார்.

பிள்ளைகள்

வீட்டுக்காரர் முதல் லீவில் வந்தது 2022 தொடக்கத்தில். சின்னவனுக்கு நாலு வயசு தாண்டியிருந்தது. போனில் தினமும் பார்த்த முகம்தான், ஆனாலும் நேரில் வந்தவரிடம் போகவில்லை, பாட்டியிடம் போய்ப் படுத்துக்கொண்டான். வண்டியில் முன்னால் உட்கார்ந்து புரோட்டாக் கடைக்குப் போகிற அளவுக்கு ஒட்டிக்கொள்ள மூன்று வாரம் ஆனது. அடுத்த இரண்டு வாரத்தில் அப்பா கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் பையன் படுக்கையில் சிறுநீர் போக ஆரம்பித்தான். முன்பே நின்றுபோன பழக்கம், திரும்ப வந்து பல மாதம் இருந்தது. அக்கா இதை வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அங்கே தூங்க மாட்டார், உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்.

அவரும் மறைத்திருக்கிறார். 2019இல் கம்பி கிழித்து முன்கையில் தையல் போட்டதை, லீவில் வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் அக்கா பார்த்தார். இரண்டு பக்கமும் நல்ல சேதி மட்டுமே பேசிப் பேசி, இரண்டு பேருக்குமே அடுத்தவர் எப்படி இருக்கிறார் என்பது தெரியாமல் போய்விட்டது. தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள்.

பெண் 2023இல் வயசுக்கு வந்தாள். அப்பா வரட்டும் என்று மஞ்சள் நீராட்டைத் தள்ளிப்போட்டு, 2024 மே மாத லீவில் மண்டபம் பிடித்துச் செய்தார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் செலவு, அதில் மொய் வந்தது போக மீதி புதுக் கடன். அக்காவுக்கு இதில் விருப்பமே இல்லை. "சிங்கப்பூர்ல இருக்கிறவன் வீட்டு விசேஷம்" என்று ஊர் எதிர்பார்க்கிறது, கோடாலித் தைலமும் சோப்பும் வரவில்லை என்றாலே முகம் சுளிக்கிற உறவு இது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எனக்கு ஃபங்ஷனே வேணாம்னு சொன்னேன், அப்பா ஒரு மாசம் சேத்து இருந்தா போதும்னு சொன்னேன்" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கடனுக்காகவே ஒர்க் பெர்மிட் இன்னொரு முறை நீட்டிக்கப்பட்டது.

வீடு யார் மண்ணில் நிற்கிறது

2022 கடைசியில் பழைய கடன் தீர்ந்ததும் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். லிண்டல் மட்டம் தாண்டி ஏழு லட்சம் போயிருக்கிறது. அக்காதான் மேஸ்திரியிடம் பேசி, கம்பி வாங்கி, தண்ணீர் விட்டு, டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டக் கற்றுக்கொண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றி வந்தவர். குழுக் கடன் விண்ணப்பத்துக்கு நிலப் பத்திரத்தை எடுத்து வரச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது, பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பேரில் இருக்கிறது. உயில் எழுதவில்லை, வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, பாகம் பிரிக்கவில்லை.

சட்டப்படி அந்த மனை மாமியார், இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பேருக்கும் சமம். அதாவது ஏழு வருட வியர்வையில் கட்டுகிற வீடு நிற்கிற மண்ணில் வீட்டுக்காரருக்கு உள்ளது கால் பங்கு. அக்காவுக்கு ஒன்றுமில்லை. இப்போதைக்கு எல்லோரும் நல்லபடியாக இருக்கிறார்கள், யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் கொழுந்தனாரின் பிள்ளைகள் வளர்வார்கள், நாத்தனார் வீட்டில் ஒரு கஷ்டம் வரும். இந்த மாவட்டத்து முன்சீப் கோர்ட்டுகளில் கிடக்கிற பாகப் பிரிவினை வழக்குகள் எல்லாம் ஒரு காலத்தில் நல்லபடியாக இருந்த குடும்பங்கள்தான்.

என்ன செய்தோம், என்ன மிச்சம்

முதலில் ரேஷன் கார்டு. வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து நம்பரை அக்காவின் நம்பராக மாற்றினோம். ஆதாரிலும் அக்கா, மாமியார், பிள்ளைகள் எல்லோருக்கும் அதே நம்பர். பெண்ணுக்கு அரை நாள் லீவு நின்றுபோனது. செலவு ஆட்டோவும் கொஞ்சம் காத்திருப்பும்தான், அதற்காகப் பல வருடம் போயிருக்கிறது.

அப்புறம் பணம். அதுவரை அவர் தம்பி கணக்குக்கு அனுப்பி, தம்பி எடுத்துக் கொடுப்பார், சில மாதம் உண்டியல் மூலம், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலமாக, கையில் வரும். இப்போது நேராக அக்காவின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதில் கொழுந்தனாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் வந்த பணத்துக்கு வங்கியில் பதிவு இருப்பது நாளைக்கு வீட்டுக்கு யார் செலவு செய்தார்கள் என்ற கேள்வி வரும்போது பேசும்.

2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்து 45 இந்தியர்கள் செத்துப்போனார்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். அந்த வாரம் எங்கள் குழுக் கூட்டத்தில் வேறு எதுவும் பேச முடியவில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கிற பெண்களிடம் கம்பெனி பேர் கேட்டேன், பாதிப் பேருக்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அக்கா எழுந்து தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் காட்டினார். 2020இல் பட்டதற்கு அப்புறம் சேர்த்து வைத்தது. வேலைக்கான முன் ஒப்புதல் கடிதத்தின் நகல், அதில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் எழுதியிருக்கும், ஒர்க் பெர்மிட் இரண்டு பக்கமும், பாஸ்போர்ட் நகல், கம்பெனி முகவரி, விடுதி முகவரி, அறை எண், கூட இருக்கிற இரண்டு பேரின் போன் நம்பர். இப்போது எங்கள் குழுக்களில் புதிதாக யார் கிளம்பினாலும் இந்த ஃபைலைப் போடச் சொல்கிறோம். அதோடு அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்துவிட்டுப் போகச் சொல்கிறோம்.

அடுத்து அதிகாரப் பத்திரம், அதாவது பவர். அது கொஞ்சம் நேரம் எடுத்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதின பவர் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அது பலருக்குத் தெரியாமல் பத்திரம் வீணாகிறது. இவர்களுடையது ஒழுங்காகிவிட்டது. இப்போது நிலம் சம்பந்தமான காகிதங்களில் அவருக்காக அக்கா கையெழுத்துப் போடலாம். "யார கேட்டுப் போட்ட" என்ற கேள்வி அதற்கப்புறம் வரவில்லை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் மனைவி பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிப்போகிறார்கள், அங்கே ஊரில் மிச்சமிருப்பது வயசானவர்கள் மட்டும், பிள்ளைகளின் படிப்பு சீசனுக்கு சீசன் அறுந்துபோகிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஒர்க் பெர்மிட் 2026இல் முடிகிறது. வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வருடம் என்கிறார், மேல்தளம் போட்டு முடிக்கணும். அக்கா வந்துவிடுங்கள் என்கிறார். அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்ட வி.ஆர்.ஐ-3 என்கிற முந்திரி ஒட்டுக் கன்றை ஒன்றேகால் ஏக்கரிலும் வைத்தால் மூன்றாவது வருடம் காய்ப்பு பார்க்கலாம், அதுவரைக்கும் அவர் சென்னையில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை வீடு. ஆனால் கன்று வைக்கவும் அந்த நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. பாகப் பிரிவினைக்கு மாமியாரும் நாத்தனாரும் சரி என்றுவிட்டார்கள், கொழுந்தனார் இன்னும் சொல்லவில்லை. தை பிறந்ததும் நாத்தனார் வரும்போது எல்லோரும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் அன்றைக்கு ஓவர்டைம் போட மாட்டேன், போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேச வேண்டியதை நீயே பேசிவிடு என்று சொல்லியிருக்கிறார்.